ஓவியத்தில் மின்னும் ஜரிகை: தறியா, ஊசியா, தூரிகையா?

16ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ப்ரோன்சினோ வரைந்த எலியனோராவின் படத்தைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். உடையில் தெரியும் தங்க எம்பிராய்டரியை நிஜத் தங்கத்தால் வரைந்தார்களா? அப்படி ஓர் உடை உண்மையில் இருந்ததா? இருந்தால் இப்போது எங்கே?

சுருக்கமான பதில்: தங்கம் இல்லை, பெயிண்ட்தான். அந்த மாதிரித் துணி அந்தக் காலத்தில் நெய்யப்பட்டது உண்மை, ஆனால் அது எம்பிராய்டரி இல்லை, தறியில் நெய்தது. உடை இன்று கிடையாது. "அதே உடை கிடைத்துவிட்டது" என்று இணையத்தில் சுற்றுவது வேறோர் உடையின் கதை. சுருக்கம் போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நான் ஆரி, சர்தோசி என்ற எம்பிராய்டரி வேலை செய்கிற ஆள். ஊசி முதலில் வந்தது, ஓவிய வரலாறு அப்புறம்தான் வந்தது. அதனால் பதில் கொஞ்சம் நூல் பக்கமாகவே சாயும்.

படம் 1545 வாக்கில் வரைந்தது, பிளாரன்ஸின் உஃபிட்சி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எலியனோரா ஸ்பெயின் பிரபுக் குடும்பத்துப் பெண். 1539ல் பிளாரன்ஸை ஆண்ட முதலாம் கோசிமோ தெ மெடிச்சிக்கு வாழ்க்கைப்பட்டவர். பக்கத்தில் நிற்பது மகன் ஜொவான்னி. படத்தைப் பெரிதாக்கி, மார்புக்கு நடுவில் இருக்கும் மாதுளை வடிவத்தைப் பாருங்கள். வெள்ளைப் பட்டுத் தளம், அதன்மேல் கறுப்பு வெல்வெட் கொடிகள், நடுவே தங்கம். அந்தத் தங்கப் பகுதி வழவழப்பாக இருக்காது. டர்க்கி டவலில் நூல் வளையம் வளையமாக நிற்குமே, அதுபோலப் பொங்கி நிற்கும். தறியில் ஜரிகை ஊடையை (குறுக்கே ஓடும் நூலை) தளர்த்தி மேலே வளையமாக விடுவதால் வருவது அது. ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு சின்னப் பழுப்புப் புள்ளி, அதன் தலையில் இன்னும் சின்னதாக ஒரு வெளிர்மஞ்சள் புள்ளி. ப்ரோன்சினோ செய்தது அவ்வளவுதான். ஆனால் அதைச் சலிக்காமல் எத்தனை முறை செய்திருக்கிறார் என்று எண்ண ஆரம்பித்தால் நமக்குத்தான் தலை சுற்றும்.

நெசவா, தையலா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. நெய்த துணியில் ஒரே உருவம் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும். தையல்காரர் வெட்டுகிற இடத்தில் பூ பாதியோடு நின்றுபோகும். கையால் தைத்த வேலை உடையின் வடிவத்தைத் தெரிந்துகொண்டு போகும்: கழுத்தைச் சுற்றும், கை ஓரத்தில் ஓடும், மூலையில் அழகாகத் திரும்பும். காஞ்சிபுரம் புடவையின் முந்தானை நெசவு, ரவிக்கைக் கழுத்தில் இருப்பது ஆரி வேலை. நம் வீட்டில் யாரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. ரினசான்ஸ் (ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால) படங்களின் முன்னால் போய் நின்றால் மட்டும் எல்லாமே எம்பிராய்டரி ஆகிவிடுகிறது. எலியனோராவின் படத்திலும் தோள்மேல் போட்டிருக்கும் அந்தத் தங்க வலை, முடிச்சுக்கு முடிச்சு முத்து வைத்தது, கைவேலை. கீழே இருக்கும் பெரிய மாதுளைகள் தறி வேலை.

"அதே உடை கிடைத்துவிட்டது" என்ற கல்லறைக் கதையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். எலியனோரா 1562ல் பீசா நகரில் மலேரியாவில் இறந்தார். 1857ல் மெடிச்சி குடும்பத்தின் உடல்களைத் திறந்து பார்த்தபோது, நல்ல பட்டுடையில் இருந்த உடலை அவர் என்று அடையாளம் கண்டார்கள். படத்தில் இருக்கும் உடையோடுதான் புதைத்தார்கள் என்ற பேச்சு அதிலிருந்து கிளம்பியது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் துணியைச் சுத்தம் செய்து, ஆண்டுக்கணக்கில் இழை இழையாகப் பிரித்து ஆராய்ந்தபோது வந்தது வேறு உடை. வெறும் சாட்டின் துணி. ஓரங்களில் வெல்வெட் பட்டை, அந்தப் பட்டைமேல் தையல் வேலை. மாதுளையும் இல்லை, வளைய ஜரிகையும் இல்லை. கூடவே கையால் பின்னிய சிவப்புப் பட்டுக் காலுறைகள் கிடைத்தன, எனக்கு அவைதான் அதிக ஆச்சரியம். எல்லாம் இப்போது பிளாரன்ஸில் பிட்டி அரண்மனை உடைக் காட்சிக்கூடத்தைச் சேர்ந்தவை. வேடிக்கை என்னவென்றால், நீங்கள் தேடிய தங்க எம்பிராய்டரி உண்மையில் இருந்தது இந்த உடையில்தான், படத்து உடையில் இல்லை.

சரி, அந்த நூல் எதனால் ஆனது? தங்கக் கம்பியால் என்று நினைத்தால் தப்பு. வெள்ளிக் கட்டியின்மேல் தங்க ரேக்கை, அதாவது அடித்து மெலிதாக்கிய தகட்டை, சூடேற்றி ஒட்டி, துளைகள் போட்ட இரும்புத் தகட்டின் வழியாக இழுத்து இழுத்து மெலிதாக்குவார்கள். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடச் சின்னத் துளை. வெள்ளி எவ்வளவு நீண்டாலும் மேலே இருக்கும் தங்கமும் கூடவே நீளும், பிரியாது. தலைமயிர் அளவுக்கு வந்தபின் தட்டி நாடாவாக்கி, மஞ்சள் பட்டு நூலைச் சுற்றிச் சுருட்டுவார்கள். உள்ளே மஞ்சள் நூலாக இருப்பதற்குக் காரணம் உண்டு: சுற்றுக்கு நடுவே இடைவெளி விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நம் அசல் ஜரிகையும் கிட்டத்தட்ட இதே கட்டுமானம்தான். பட்டு நூல், அதன்மேல் வெள்ளி, மேலே தங்கம். இன்று வெள்ளியைச் சுற்றிய பிறகு தங்கம் பூசுகிறார்கள், அன்று தங்கம் ஏறிய வெள்ளியைச் சுற்றினார்கள். இன்னொரு மலிவான வகையும் ஐரோப்பாவில் நெடுங்காலம் புழங்கியது. ஆட்டுக் குடல் போன்ற மெல்லிய தோலில் தங்கம் பூசி, நாடாவாக நறுக்கிச் சுற்றிய நூல் அது.

இந்த நூலை ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுக்கக் கூடாது. கற்றுக்கொள்ளத் தொடங்கிய புதிதில் நான் அதைச் செய்து ஒரு கண்டு ஜரிகையைப் பாழாக்கியிருக்கிறேன். நாலு முறை துணிக்குள் போய் வருவதற்குள் மேலே இருக்கும் உலோகம் உரிந்து உள்ளே இருக்கும் நூல் பல்லிளிக்கும். ஜரிகையைத் துணியின் மேலேயே கிடத்தி, மெல்லிய பட்டு நூலால் அங்கங்கே குறுக்கே கட்டிக்கொண்டே போக வேண்டும். நுனியை மட்டும் பின்பக்கம் தள்ளி முடிவார்கள். விலையுயர்ந்த நூல் ஒரு மில்லிமீட்டர்கூட உள்ளே ஒளியாமல் முழுக்க வெளியே தெரியும் என்பது இதில் கூடுதல் லாபம். இந்தக் "கிடத்திக் கட்டும்" முறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

இப்போது ஓவியரிடம் வருவோம். 1400 வாக்கில் ஓவியர் தங்க உடையை வரையத் தங்கத்தையே எடுத்தார். சென்னினோ சென்னினி என்ற ஓவியர் தன் தொழில் குறிப்புகளில் முறையை விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறார். பலகையில் உடை வர வேண்டிய இடம் முழுவதும் தங்க ரேக்கு ஒட்டித் தேய்த்துப் பளபளப்பாக்கு. அதன்மேல் முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வண்ணத்தைப் பூசு. துளையிட்ட தாளை வைத்துக் கரித்தூள் பொட்டலத்தால் தட்டிப் பூ வடிவத்தை இறக்கு. அப்புறம் மரக்குச்சியால் பூ இருக்கும் இடத்தில் மட்டும் வண்ணத்தைச் சுரண்டு. அடியிலிருந்து தங்கம் எட்டிப்பார்க்கும். கடைசியாக, தெரிந்த தங்கத்தில் சின்ன ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்து. குத்திய பள்ளங்களில் விளக்கொளி சிதறும்போது பார்ப்பவருக்கு ஜரிகை நெசவு போலவே தோன்றும். துளையிட்ட தாளில் தூள் தட்டுவது இன்றும் ஆரி வேலையில் நாங்கள் டிசைனை இறக்கும் வழிதான், தூளும் எண்ணெயும் மட்டும் மாறியிருக்கின்றன. எம்பிராய்டரிக்காரருக்காகத் துணியில் எப்படி வரைந்து கொடுப்பது என்றும் சென்னினி தனியாக எழுதியிருக்கிறார். ஓவியரும் பூத்தையல்காரரும் ஒரே தெருவில் புழங்கியவர்கள்.

தங்கம் அடிக்கிறவர்களிடம் ஏமாறாதே என்ற எச்சரிக்கையும் அதே குறிப்புகளில் இருக்கிறது. ஒரு டுகாட் பொற்காசிலிருந்து 145 ரேக்கு அடித்துத் தருகிறார்கள். சமதளத்துக்கு வேண்டுமானால் 100க்கு மேல் அடிக்காத கனமான ரேக்காகக் கேள் என்கிறார். கடைவீதியில் பேரம் பேசிய வாய் அது.

இந்தப் பழைய முறையில் ஒரு குறை இருந்தது. சுரண்டி எடுத்த பூக்கள் பெரும்பாலும் தட்டையாகக் கிடக்கும். துணி மடிந்தாலும் பூ மடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒளி. பெயிண்டில் வெளிச்சத்தை ஓவியர் தீர்மானிக்கிறார்: இடப்பக்கம் ஜன்னல், வலப்பக்கம் நிழல் என்று. நிஜத் தங்கம் அவர் பேச்சைக் கேட்காது. நீங்கள் ஓரடி நகர்ந்தால் மின்னிய இடம் கறுக்கும், கறுத்த இடம் மின்னும். ஆல்பெர்ட்டி என்ற இத்தாலிய அறிஞர் 1435ல் ஓவியக் கலை பற்றி எழுதும்போது இதையேதான் குற்றமாகச் சொன்னார். தீதோ ராணியின் அம்பறாத்தூணி தங்கம், கொண்டை ஊசி தங்கம், குதிரையின் கடிவாளம் தங்கம் என்று வெர்ஜிலின் கவிதையில் இருந்தாலும், அவற்றை வரையத் தங்கத்தைத் தொடாதே, வெறும் வண்ணத்தால் தங்கத்தின் மினுக்கத்தைக் கொண்டுவருபவனுக்குத்தான் பாராட்டு என்பது அவர் கட்சி. வாங்கி ஒட்டுவது பணம், வரைவது திறமை என்று படியுங்கள்.

சொன்னவுடன் யாரும் கேட்டுவிடவில்லை. பிளாரன்ஸ் ஓவியர் கிர்லாண்டாயோதான் தங்க ஓரங்களை விட்டுவிட்டு வண்ணத்தால் வரையத் தொடங்கிய முதல் ஆள் என்று, 16ஆம் நூற்றாண்டில் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி சொல்கிறார். ஆனால் அதே கிர்லாண்டாயோ 1485ல் பிளாரன்ஸின் அனாதைக் குழந்தைகள் இல்லத்துக்குப் பலிபீட ஓவியம் வரையப் போட்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. மொத்தக் கூலி 115 பொற்காசு. நீலம் அவுன்ஸ் நான்கு பொற்காசு மதிப்புள்ள உயர்ந்த ரகமாக இருக்க வேண்டும், அலங்காரம் வேண்டிய இடத்தில் தூளாக்கிய தங்கம் போட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். காசு கொடுப்பவருக்குத் தங்கம் தங்கமாகவே வேண்டும். வசாரி சொன்னதைப் போக்கு என்று எடுத்துக்கொள்ளலாம், நாள் குறித்த திருப்பம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தங்கம் இல்லாமல் தங்கத்தை வரைவதில் எனக்குத் தெரிந்து இரண்டு பேர் எல்லை தொட்டவர்கள். ஒருவர் பிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம்) ஓவியர் யான் வான் ஐக். 1436ல் வரைந்து முடித்து, இப்போது ப்ரூஹ் நகரில் இருக்கும் படத்தில் கேனன் வான் டெர் பேல என்ற வயதான பாதிரியார் மாதாவின் முன் முழந்தாளிட்டிருப்பார். இடப்பக்கம் புனித தொனாத்தியன் நிற்கிறார், நீலமும் தங்கமும் கலந்த மேலங்கியோடு. தூரத்தில் நின்றால் தங்கம். மூக்கு ஒட்டும் தூரத்துக்குப் போனால், பழுப்புத் தளத்தின் மேல் மயிரிழைத் தூரிகையால் ஒவ்வொரு ஜரிகை ஊடையையும் தனித்தனிக் கோடாக இழுத்திருக்கிறார் என்று தெரியும். துணி மடியும் இடத்தில் அந்தக் கோடுகளும் வளைகின்றன. முன் ஓரப் பட்டையில் புனிதர்களின் உருவங்கள் எம்பிராய்டரியாக இருக்கின்றன. ஆக, நெய்த தங்கமும் தைத்த தங்கமும் ஒரே அங்கியில். ஓவியர் இரண்டுக்கும் தூரிகையை வேறு வேறு மாதிரி ஓட்டியிருக்கிறார்.

இன்னொருவர் ஜொவான்னி பெல்லினி. வெனிஸின் தலைவர் லியோனார்தோ லொரெடானை 1501, 1502 வாக்கில் வரைந்த படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. வெள்ளைப் பட்டில் தங்கப் பூ நெய்த அங்கி. பெல்லினி வேறு தந்திரம் செய்தார். முகத்தைக் கண்ணாடி போல வழவழப்பாக வரைந்துவிட்டு, அங்கியின் தங்கப் பகுதியில் மட்டும் எண்ணெய் வண்ணத்தைக் கெட்டியாக அப்பி, மேற்பரப்பைச் சொரசொரப்பாக விட்டார். அறையின் வெளிச்சம் அந்த மேடு பள்ளத்தில் தங்கி, உலோக இழையில் தங்குவது போலவே மினுங்கும். சென்னினி தங்கத்தில் ஆணியால் குத்தியதைப் பெல்லினி பெயிண்டில் செய்துவிட்டார் என்று சொல்லத் தோன்றும்.

இதற்கெல்லாம் பயன்பட்ட மஞ்சள் நிறம், ஈயமும் வெள்ளீயமும் சேர்த்துச் சுட்டெடுத்த பொடி. 18ஆம் நூற்றாண்டில் அது வழக்கொழிந்து, எல்லோரும் மறந்தே போனார்கள். 1941ல் ரிச்சர்ட் யாக்கோபி என்ற ஜெர்மன் ஆய்வாளர் பழைய படங்களைப் பரிசோதித்தபோதுதான் அப்படி ஒன்று இருந்ததே மறுபடி தெரிந்தது. வரைகிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: தங்கத்தை வரைய மஞ்சள் பெயிண்டை நம்பாதீர்கள். இந்தப் படங்களில் தங்கத்தின் பெரும்பகுதி பழுப்பும் காவியும்தான். பிரகாசமான மஞ்சள் நுனியில் மட்டும், அதுவும் கடுகளவு. முழுக்க மஞ்சள் அடித்தால் மாம்பழக் கலர் துணிதான் வரும்.

இனி எனக்குப் பிடித்த இடம். ஓவியர்கள் தங்கத்தைக் கைவிட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே பிளாரன்ஸில், எம்பிராய்டரிக்காரர்கள் தங்கத்தால் ஓவியம் வரையக் கற்றிருந்தார்கள். 1466ல் துணி வணிகர் சங்கமான கலிமாலா, ஞானஸ்நானக் கோயிலுக்காகப் பாதிரியார் உடைகள் செய்யச் சொல்லி, திருமுழுக்கு யோவானின் வாழ்க்கைக் காட்சிகளை வரைந்து தர அந்தோனியோ தெல் பொல்லாயுவோலோவை அமர்த்தியது. தைத்தவர்கள் இத்தாலி, பிரான்ஸ், பிளாண்டர்ஸ் என்று பல ஊர்க்காரர்கள். அவர்களில் வெரோனா ஊர் பாவ்லோவை வசாரி வானளாவப் புகழ்கிறார். வேலை 26 ஆண்டு நடந்தது என்கிறார்.

முறை இது. முதலில் உருவம் முழுவதற்கும் குறுக்காக, ஒரு நூல் இடைவெளிகூட இல்லாமல், ஜரிகையைக் கிடத்திவிடுவார்கள். முகம், உடை, தூண், தரை எல்லாவற்றுக்கும் அடியில் தங்கம். அதைக் கட்டிப் பிடிக்கும் பட்டு நூல்தான் வண்ணம். நிழல் வேண்டிய இடத்தில் நீலப் பட்டை நெருக்கி நெருக்கிக் கட்டினால் தங்கம் மறைந்து ஆழ்ந்த நீலம் வரும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் தையலைத் தள்ளித் தள்ளிப் போட்டால் தங்கம் வெளியே வரும். மடிப்பின் மேல்முனையில் தையலே இல்லாமல் தங்கம் தனியாக நிற்கும். அதாவது வெள்ளை பெயிண்டின் வேலையைத் தங்கம் செய்கிறது. உட்கார்ந்து ஒரு விரல் அகலத்துக்கு இதைச் செய்துபாருங்கள், ஒரு பகல் போய்விடும். எங்கே நெருக்குவது, எங்கே விடுவது என்று ஒவ்வொரு தையலுக்கும் யோசிக்க வேண்டும், தப்பினால் பிரிக்க வேண்டும், பிரித்தால் ஜரிகையில் தழும்பு விழும்.

உடைகள் நைந்துபோயின. வெட்டி எடுத்த 27 தையல் துண்டுகள் பிளாரன்ஸ் பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஊர் போனால் உஃபிட்சியில் வரிசையில் நிற்பதற்கு முன் அங்கே போங்கள் என்பேன். பொல்லாயுவோலோ சகோதரர்கள் பெண்களைப் பக்கவாட்டில் வரைந்த படங்களில் உடையின் கைப்பகுதியில் இருக்கும் ஜரிகைப் பூ அத்தனை துல்லியமாக இருப்பதற்கு, அந்தப் பட்டறையில் ஊசியும் தூரிகையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவு பாடுபட்டு உடையை ஏன் வரைய வேண்டும்? ஏனென்றால் படத்தைவிட உடைதான் விலை. 1447 ஆகஸ்டில் பிளாரன்ஸைச் சேர்ந்த அலெஸ்ஸாந்த்ரா ஸ்ட்ரோட்ஸி என்ற விதவைத் தாய், தூரத்தில் இருக்கும் மகனுக்கு அவன் தங்கை கத்தரீனாவின் கல்யாண விஷயத்தைக் கடிதமாக எழுதினார். மாப்பிள்ளை மார்கோ பாரென்டி பட்டு வியாபாரக் குடும்பம். பெண்ணுக்குச் சிவப்பு வெல்வெட் உடை தைக்கிறான். இறகும் முத்தும் வைத்த தலைமாலைக்கே 80 பொற்காசு. வெளியே கிளம்பினால் அவள் உடம்பில் 400 பொற்காசுக்கு மேல் இருக்கும் என்று பெருமை வழிய எழுதுகிறார். ஒரு பொற்காசு சுமார் மூன்றரை கிராம் தங்கம். 400 காசு என்றால் நம் கணக்கில் 175 பவுன். கிர்லாண்டாயோவின் முழுப் பலிபீட ஓவியத்துக்கு 115 காசு என்று மேலே சொன்னேன், அதாவது 50 பவுன். கிட்டத்தட்ட 40 ஆண்டு இடைவெளியை மறந்துவிடவில்லை, ஆனாலும் விகிதம் புரிகிறதல்லவா? பெண் வீட்டார் 1,000 காசு வரதட்சிணை கொடுக்க, அதில் ஒரு பெரிய பங்கை மாப்பிள்ளை உடையாகத் திருப்பி அவள்மேல் போடுகிறான். சொந்தம் அவளுக்கா? பெரும்பாலும் இல்லை. இப்படிப் போட்டவை கணவன் சொத்தாகவே கருதப்பட்டன; புதுமண ஆண்டுகள் கழிந்ததும் விற்றுவிடுவதும் உண்டு.

அதனால்தான் மணப்பெண் படங்களில் எம்பிராய்டரி அடிக்கடி குடும்ப முத்திரையாக இருக்கிறது. பிசனெல்லோ 1430களின் பிற்பகுதியில் வரைந்ததாகக் கருதப்படும், பாரிஸின் லூவ்ரில் உள்ள, ஃபெராராவை ஆண்ட எஸ்டே குடும்பப் பெண்ணின் உடைக் கையில் முத்துப் பதித்த இரட்டைக் கைப்பிடி ஜாடி இருக்கும். அது அந்தக் குடும்பத்தின் சின்னம். பல்தோவினெட்டியின் மஞ்சள் உடைப் பெண்ணுக்கு, லண்டனில் இருக்கிறது, உடைக் கையில் பனையோலை போன்ற மூன்று இலைகளைச் சேர்த்துக் கட்டிய பெரிய உருவம். முகத்துக்குச் சமமாக அந்த உடைக் கைக்கு இடம் கொடுத்திருக்கிறார் ஓவியர். மாட்ரிட்டில் இருக்கும் கிர்லாண்டாயோவின் ஜொவான்னா தொர்னபுவோனி படத்தில் தங்க மேலாடையின் தோள் பக்கம் ஓர் எழுத்து தெரியும். கணவர் லொரென்சோவின் பெயரின் முதல் எழுத்து. கூடவே கணவர் வீட்டு வைரச் சின்னம். 1486ல் கல்யாணம், 1488ல் கருவுற்றிருந்தபோது மரணம். படம் அதற்குப் பிறகு வரைந்ததாகத்தான் பெரும்பாலோர் கருதுகிறார்கள். சாந்தா மரியா நொவெல்லா கோயில் சுவரோவியத்திலும் அதே மாதிரித் தங்க மேலாடையில் நிற்கிறார்.

மோனாலிசாவை விட்டுவிட்டால் திட்டுவீர்கள். நகையே இல்லாத அந்தப் படத்தில் கழுத்தோரத்தை மட்டும் பாருங்கள். வளையத்துக்குள் வளையம் நுழைந்து ஓடும் மெல்லிய முடிச்சுக் கோலம், அது எம்பிராய்டரி. இந்த முடிச்சுக் கோலம் அப்போது மிலான் அரண்மனை வட்டாரத்தில் பெரிய மோகம். 1493ல் மிலானின் பேயாத்ரிச்சே தெஸ்தே தன் அக்கா இசபெல்லாவுக்கு எழுதிய கடிதத்தில், அரண்மனைக் கவிஞர் நிக்கோலோ தா கொரெஜ்ஜோ உனக்காக யோசித்துக் கொடுத்த அந்த முடிச்சு டிசைனை நீ இன்னும் போட்டுக்கொள்ளவில்லை என்றால், வரப்போகும் கல்யாணத்துக்கு என் ஊதா வெல்வெட் உடையில் தங்கத்தில் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்கிறார். அக்கா தங்கைக்குள் ஒரே டிசைன் வந்துவிடக் கூடாது என்ற கவலை 500 ஆண்டுப் பழசு.

வடக்கே கதை வேறு. இங்கிலாந்தில் வேலை செய்த ஜெர்மன் ஓவியர் ஹோல்பைன் நிஜத் தங்கத்தைக் கடைசிவரை விடவில்லை. மாட்ரிட்டில் இருக்கும் எட்டாம் ஹென்றியின் படம் (சுமார் 1537) 28 சென்டிமீட்டர் உயரம்தான், ஒரு நோட்டுப் புத்தக அளவு. உடையின் தங்க வேலைக்கும் நகைக்கும் தங்கத் தூளைப் பசையில் குழைத்துத் தூரிகையால் தீட்டியிருக்கிறார். இந்தக் குழம்பைச் சிப்பி ஓட்டில் வைத்துப் புழங்கியதால் சிப்பித் தங்கம் என்றே பெயர். ஆல்பெர்ட்டி பார்த்திருந்தால் முகம் சுளித்திருப்பார். ஆனால் கைக்கு அடக்கமான படத்தில் இது அழகாகவே வேலை செய்கிறது. கையில் எடுத்துச் சாய்த்துப் பார்க்கும்போது தங்கம் அசைந்து மினுங்குவது அங்கே குறை இல்லை. அந்த ஹென்றிதான் 1510ல், பட்டம் ஏறிய அடுத்த ஆண்டே, ஊதாத் தங்கத் துணியை அரச குடும்பம் தவிர யாரும் உடுத்தக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தவர். தங்கம் யார் உடம்பில் இருக்கலாம் என்பது அரசாங்க விஷயம். அப்படிப் பார்த்தால் அரசனின் உருவத்தில் பெயிண்ட் மஞ்சளைப் பூசியிருந்தால்தான் ஒருமாதிரி இருந்திருக்கும்.

மூன்றாவது கேள்விக்கு மீண்டும் வருகிறேன். இவ்வளவு உடைகளும் எங்கே போயின? எரித்துவிட்டார்கள். நூலில் வெள்ளியும் தங்கமும் இருக்கிறது. பழசானால் நெருப்பில் போட்டால் பட்டு சாம்பலாகும், உலோகம் மிஞ்சும். "பழைய பட்டுப்புடவை வாங்குறது" என்று தெருவில் கூவிக்கொண்டு போகிறவர் நம் பாட்டியின் கல்யாணப் புடவைக்குச் செய்வதும் அதுதான். எரிக்காதவற்றை வெட்டிக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். இங்கிலாந்தின் பேக்டன் என்ற கிராமத்துத் தேவாலயத்தில் பலிபீட விரிப்பாகக் கிடந்த ஒரு துணி அப்படித்தான் தப்பியது. வெள்ளி இழை நெய்த துணிமேல் தங்கம், வெள்ளி, வண்ணப் பட்டு நூல்களில் பூக்களும் பூச்சிகளும். முதலாம் எலிசபெத்தின் அணுக்கப் பணிப்பெண் பிளான்ச் பாரி அந்த ஊர்க்காரர். உடை வரலாற்றாளர் எலரி லின் 2016ல் அதைப் பார்த்து, அரசியின் உடையிலிருந்து வெட்டியதாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். எலிசபெத்தின் "வானவில்" படத்தில் மார்புத் துணியில் சிதறிக் கிடக்கும் பூக்களோடு வைத்துப் பார்த்தால் ஒரே கை போலத்தான் இருக்கிறது.

உடையும் படமும் ஜோடியாகத் தப்பியது மிக மிக அபூர்வம். அப்படி ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் மார்கரெட் லேட்டனின் சட்டை. கணவர் அரச நகைக் கருவூலத்தில் அதிகாரி. சட்டை 1610, 1615 வாக்கில் தைத்தது, படம் 1620 வாக்கில் மார்கஸ் கீரார்ட்ஸ் வரைந்ததாகச் சொல்வது. ரினசான்ஸின் வால் நுனி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை லினன் துணி முழுக்கத் தங்கம் பூசிய வெள்ளி நூலில் சுருள் சுருளாகக் கொடி, கொடிக்குள் பூ, பறவை, பட்டாம்பூச்சி, நடுவே சம்கி. கொடியின் தையல் சடை பின்னியதுபோல மேலெழுந்து நிற்கும். படத்திலும் அதே கொடி, அதே பறவை.

பிளாரன்ஸுக்கோ லண்டனுக்கோ போக முடியாதவர்களுக்கு, இந்த அருங்காட்சியகங்கள் பலவும் படங்களை நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கின்றன. லொரெடானில் தொடங்குங்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம், நேரே தோள்பட்டைக்குப் போய், பூ பூவாகத் தெரியாமல் போகும்வரை பெரிதாக்குங்கள். கட்டி கட்டியாகக் காய்ந்த வெளிர்மஞ்சளும் அதற்கடியில் அழுக்குப் பழுப்பும் மட்டும் தெரியும். அங்கிருந்து மெதுவாகப் பின்னால் வாருங்கள். எந்த அளவில் அது மறுபடி ஜரிகை ஆகிறது என்பதைக் கவனியுங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் ஆகிறது.